ஒரு பெட்டி, ஊர் நிறையக் காது

சென்னப்பட்டணத்துக்கு ரேடியோவைக் கொண்டுவந்த பெருமை, வேலை முடிந்த பிறகும் எதையாவது நோண்டிக் கொண்டிருக்காவிட்டால் தூக்கம் வராத சில ஆசாமிகளைச் சேரும். சர்க்காருக்கு அதில் பங்கில்லை. 1924-ஆம் வருஷம் மே மாதம், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் தம்மையொத்த பித்துப் பிடித்தவர்களைச் சேர்த்துக் கொண்டு 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. அந்த நிலையத்தின் சக்தி எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 40 வாட்! மாடிப்படி ஓரத்தில் அழுது வடியுமே குண்டு பல்பு, அதன் சக்தி. பிற்பாடு அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள்.

வீடியோ விளையாட்டு, காதில் மாட்டிக் கொண்டு கேட்கிற பேச்சு, பாட்டு, புத்தகம் என்று சதா அளந்து கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் அலுத்துக் கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்தச் செட்டியார் ஞாபகம் வந்துவிடுகிறது. அவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்களோ, சரித்திரம் அதைக் குறித்து வைக்கவில்லை.

மூன்றே வருஷத்தில் கிளப்புக்குப் பணமுடை வந்துவிட்டது. 1927-ல் கடையைக் கட்டினார்கள். ஒலிபரப்பும் கருவி சென்னைக் கார்ப்பரேஷன் வசம் போயிற்று. கார்ப்பரேஷன்காரர்கள் 1930 ஏப்ரல் முதல் தேதியன்று தங்கள் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். (தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உருப்படியான காரியந்தான்.) வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம் என்கிற நிலைமையில் யாருக்காக ஒலிபரப்புவது? கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். மாலை வேளையில் காற்று வாங்கப் போனவர்கள் மணலில் அப்படியே உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். மணலுக்கு டிக்கெட் கிடையாது.

அந்த மணலில் உட்கார்ந்து கேட்டவர்களில் என் தாத்தாவும் ஒருவர். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போவாராம். என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் சொல்வார். ஒருவர் தோடி என்பாராம், இன்னொருவர், "தன்யாசி ஐயா, தெரியாவிட்டால் சும்மா இரும்!" என்பாராம். ஒலிபெருக்கி ஓய்ந்து வெகு நேரம் கழித்தும் அந்தச் சண்டை ஓயாதாம். பாடியவரை எல்லாரும் மறந்து போனார்கள். தோடிக்காரரையும் தன்யாசிக்காரரையும் இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்து வைத்தார். அப்போது பிரதமராயிருந்த ராஜாஜியும் பேசினார். 1954-ல் நிலையம் மயிலாப்பூர்ப் பக்கமே குடியேறி, கடலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தது. உத்தியோகபூர்வமான சரித்திரம் இதுதான். இதை விட ருசியான சரித்திரம் ஒன்று அக்கம்பக்கத்து வீடுகளில் நடந்து கொண்டிருந்தது.

1952-ல் டாக்டர் கேஸ்கர் என்பவர் ஒலிபரப்பு மந்திரியானார். அவருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. சாஸ்திரீய சங்கீதம்தான் ஜனங்களைக் கடைத்தேற்றும் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். நல்ல மனிதர்தான். ஆனால் பத்தியச் சாப்பாடு போடுகிற வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டில் போய் வடை தின்னாமல் இருப்பானா? நம்மவர்கள் ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் துருப்புகளுக்காக நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவிகள் கொழும்புக்குப் பக்கத்தில் இருந்தன. சினிமாப் பாட்டுக் கடல் தாண்டி வந்தது. கூடவே மயில்வாகனன் என்கிற அறிவிப்பாளரின் துள்ளு நடைத் தமிழும் வந்தது. அந்தக் குரலுக்காகவே பெட்டியைத் திறந்து வைத்தவர்கள் உண்டு. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததற்குக் கொழும்புப் போட்டியும் ஒரு காரணம்.

அக்காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். பெட்டிக்குத்தான் லைசென்ஸ், காதுக்கு இல்லை. ஆகவே ஒரு வீட்டுக்காரர் கட்டுவார், ஒரு தெரு கேட்கும்.

புத்தகத்தின் கதையும் இதேதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வீட்டுக்கு ஒரு பிரதிதான். முதலில் யார் படிப்பது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபமே வருவதுண்டு. எல்லாரும் படித்த பிறகு பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டு கட்டி வைப்பார்கள். கட்டு பிறகு ஊர் சுற்றும். 1955-ல் பழனி என்பவர் ராயப்பேட்டையில் ஈஸ்வரி வாடகை நூல் நிலையத்தைத் தொடங்கினார். வாடகைப் புத்தகத்தில் ஒரு விசேஷம்: ஓரத்தில் முன்பு படித்தவர் பென்ஸிலால் எழுதிய குறிப்பு இருக்கும். 'இவன் உருப்பட மாட்டான்' என்று கதாநாயகனைப் பற்றிப் பதினைந்தாவது பக்கத்திலேயே ஒரு மகானுபாவர் தீர்ப்பு எழுதியிருந்தால், முந்நூறு பக்கமும் அவரோடு மல்லுக்கட்டிக் கொண்டே படிக்க வேண்டியதுதான்.

விளையாட்டுக்கு வருகிறேன்.

பாபி பிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதிய அதே 1972-ல், சென்னையில் இருந்த சோவியத் கலாசார நிலையத்தில் ஒரு சதுரங்கக் கிளப் திறந்தார்கள். லாட்வியாவில் பிறந்த உலக சாம்பியன் மிகயீல் தாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். முன்னின்று நடத்தியவர் மானுவேல் ஆரன். 1961-லேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர். அங்கே மின்னல் வேக ஆட்டம் ஆடுவார்கள். வழக்கம் இதுதான்: ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்; தோற்றவர் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மறுபடி முறை வருவதற்குள் பல ஆட்டங்கள் முடிந்துவிடும். அத்தனை நேரமும் என்ன செய்வது? நின்று பார்ப்பதுதான். பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

அந்த வரிசையில் ஒரு பொடியன் நின்றான். ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்றவன். நடுவில் தகப்பனாரின் உத்தியோக நிமித்தம் மணிலாவுக்குப் போனான். அங்கே டெலிவிஷனில் பகல் வேளையில் சதுரங்கப் புதிர் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அதைக் குறித்து வைப்பாள். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். அடிக்கடி இவர்களே ஜெயித்ததால், 'வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக் கொண்டு போ, தயவு செய்து இனி விடை மட்டும் அனுப்பாதே!' என்று சொல்லிவிட்டார்களாம். விசுவநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2000-ல் உலக சாம்பியன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதுக் குகேஷ் அதே பட்டத்தை வென்றபோது, அவரும் இதே ஊர்ப் பிள்ளை.

ஆனந்தைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. எனக்கு ஆர்வமெல்லாம் அவரிடம் தோற்று எழுந்து போனவர்களைப் பற்றித்தான். நிமிஷத்தில் தோற்றுவிட்டு நெடுநேரம் நின்று பார்த்தார்களே, அந்த மாதிரிப் பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது?

வீடியோ விளையாட்டு இந்தப் பரம்பரையில் வந்ததா என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பாம்பைக் கொண்டு பதில் சொல்கிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத படத்தை விரித்துத் தாயம் உருட்டுவது நம் வழக்கம். அந்தப் பாம்பு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய் நர்ஸரிப் பிள்ளைகளின் விளையாட்டாயிற்று. 1997-ல் நோக்கியா செல்போனுக்குள் வேறொரு பாம்பு நுழைந்தது. தன் வாலைத் தானே கடித்தால் செத்துப் போகும் பாம்பு. 2006 முதல் 2014 வரை அந்தப் போன்களைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளிய ஆலை எங்கே இருந்தது தெரியுமோ? ஸ்ரீபெரும்புதூரில். ஆதிசேஷனின் அவதாரம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் ராமானுஜர் பிறந்த ஊர்! இதில் உள்ள தத்துவார்த்தத்தைப் பெரியவர்கள் விளக்கட்டும்.

நான் பையனாயிருந்தபோது தியாகராய நகரில் ஒரு சந்துக்குள் விளையாட்டுக் கடை இருந்தது. ஒரு டெலிவிஷன் பெட்டி, இரண்டு கைப்பிடி, பத்துப் பையன்கள். அரை மணிக்கு ஐந்து ரூபாய். காசு கொடுத்தவன் இரண்டு பேர். யோசனை சொன்னவன் எட்டுப் பேர். "குதிடா! குனிடா!" என்று எட்டுத் தொண்டையும் கத்தும். குதித்துச் செத்தவன் குனியச் சொன்னவனை முறைப்பான். காசு வைத்து ஆடுகிற ஆட்டத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அது தருமபுத்திரர் காலத்து வியாதி; இணையத்தில் அதற்கு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே தடைச் சட்டம் போட்டிருக்கிறது.

இப்போது பெட்டி மலிந்துவிட்டது. ஆளுக்கொன்று. வரிசையில் நிற்பாரில்லை. நல்லதுதான், ஏழைப் பையன் ஐந்து ரூபாய்க்கு ஏங்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று குறை சொல்கிறவனும் அந்த வரிசையோடு போய்விட்டானே என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

என் அக்கா பிள்ளை அடையாற்றில் இருக்கிறான். ஒரு நாள் காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு வந்தான்.

"என்னடா பாட்டு?"

"பாட்டு இல்ல மாமா. ரெண்டு பேர் பேசறாங்க. புதுசா வந்த கேமைப் பத்தி."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். நடுவுல புஸ்தகம், மியூசிக் எல்லாம் வரும். ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் ஒத்துக்கவே மாட்டான். அதான் மாமா ஜோரே!"

தோடியும் தன்யாசியும் எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கொண்டா பார்க்கலாம்" என்று அவனுடைய ஆட்டக் கருவியை வாங்கினேன். ஒரு நிமிஷத்துக்குள் செத்துப் போனேன். பழக்க தோஷம், உடனே எழுந்து நின்று கருவியை அவன் பக்கம் நீட்டினேன்.

"எதுக்கு எழுந்துக்கறீங்க?" என்றான் பையன். "உக்காருங்க மாமா. மறுபடியும் நீங்களே ஆடலாம்."