ஒவ்வாமையால் ஏற்படும் சோர்வு: காரணம் அறிந்து கையாளுதல்

அடுக்குத் தும்மல், மூக்கில் நீர் வடிதல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகியவை ஒவ்வாமை மூக்கழற்சியின் அறிகுறிகள் என்பதைப் பலரும் அறிவர். இந்நோய் நாள் முழுவதும் நீடிக்கும் சோர்வையும் உண்டாக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. இச்சோர்வை வீட்டார் சோம்பல் என்று கருதிக் கடிந்துகொள்வதும் உண்டு. இது சோம்பல் அன்று. காரணம் அறிந்தால் பெரும்பாலும் குறைக்கக்கூடியதே.

சோர்வுக்கான மூன்று காரணங்கள்

1. நோய்: ஒவ்வாமையின்போது உடல் ஹிஸ்டமின் முதலான பொருள்களைச் சுரக்கிறது. இவற்றால் உண்டாகும் அழற்சியே தலைபாரத்தையும் அசதியையும் தருகிறது.

2. உறக்கக் குறைவு: மூக்கு அடைத்திருந்தால் இரவில் வாயால் மூச்சுவிட நேர்ந்து, உறக்கம் அடிக்கடி கலையும். அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு விடியற்காலை மின்சார ரயிலில் ஏறத்தாழ 70 கி.மீ. பயணம் செய்து பணிக்குச் செல்வோருக்கு உறங்கும் நேரமே குறைவு. அவர்களை இது மேலும் வருத்தும்.

3. மாத்திரை: மூளையில் உள்ள ஹிஸ்டமின் நம்மை விழிப்புடன் வைத்திருக்கிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை மாத்திரைகள் மூளையை அடைந்து அதைத் தடுப்பதால் தூக்கமும் மந்தமும் உண்டாகின்றன. இரவில் உட்கொண்டாலும் மறுநாள் காலை வரை இவ்விளைவு நீடிக்கலாம்.

எது காரணம் என்று அறிவது எப்படி?

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் மாத்திரை உட்கொண்ட நேரம், இரவு உறக்கம், மூக்கடைப்பு, சோர்வு மிகுந்த நேரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மாத்திரை உட்கொண்ட நாள்களில் மட்டும் சோர்வு மிகுந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். மூக்கடைத்த இரவுகளுக்குப் பின் மிகுந்தால் மூக்கடைப்புக்குச் சிகிச்சை தேவை. குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

• தூக்கம் குறைவாகத் தரும் லோரடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும்.
• மருத்துவர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானை நாள்தோறும் பயன்படுத்துங்கள். முழுப் பயன் தெரியச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம்.
• தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தூசு உண்ணிகள் குறையும்.
• வீட்டைப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவத்தி, ஊதுவத்திப் புகையைத் தவிருங்கள்.
• மழைக்குப் பின் செழிக்கும் பார்த்தீனியச் செடிகளைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்கும் முன்பே அகற்றுங்கள்.
• ரயிலில் சன்னலோரம் அமர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். வீடு திரும்பியதும் முகம் கழுவி உடை மாற்றுங்கள்.

செய்யக் கூடாதவை

• தூக்கம் தரும் மாத்திரை உட்கொண்டபின் வாகனம் ஓட்டாதீர்கள். பணிமனைகளில் இயந்திரங்களை இயக்குவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தூக்கம் வராதது போல் தோன்றினாலும் செயல்வேகம் குறைந்திருக்கலாம்.
• மூக்கடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடராதீர்கள். அடைப்பு முன்னிலும் மிகும்.
• மருத்துவரின் சீட்டின்றி ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

எல்லாச் சோர்வும் ஒவ்வாமையால் வருவதன்று. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவையும் சோர்வு தரும். எளிய இரத்தப் பரிசோதனையில் இவற்றை அறியலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். இரவில் இளைப்பு வந்தால் ஆஸ்துமா உள்ளதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவ ஆலோசனையின்றி எம்மருந்தும் உட்கொள்ளக் கூடாது.

மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.