துவாலுவில் கடல்மட்ட உயர்வு

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் ஒன்பது பவளத்தீவுகளின் நாடு துவாலு. மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11 ஆயிரம் பேர். நாட்டின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரை எட்டாது.

கடல்மட்டம் உயர முக்கியக் காரணங்கள் இரண்டு. வெப்பத்தால் கடல்நீர் விரிவடைகிறது. கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்பாளங்களும் மலைகளிலுள்ள பனியாறுகளும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியது. துவாலுவைச் சுற்றியோ, கடந்த முப்பதே ஆண்டுகளில் சுமார் 15 செ.மீ. ஏறிவிட்டது. தம் வாழ்நாளில் பனியாற்றைப் பார்த்தேயிராத மக்கள் அதன் உருகலுக்கு விலை கொடுக்கிறார்கள்.

கடல் இங்கே கரையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பதில்லை. பவளத்தரை சல்லடை போன்றது. ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும் பேரோதத்தின்போது, தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுபாதையை ஒட்டிய புல்தரையிலும் வீட்டு முற்றங்களிலும் உப்புநீர் கீழிருந்து குமிழியிட்டு ஊறுகிறது. ஓதம் வடிந்தால் நீரும் வடியும், உப்பு தங்கிவிடும்.

அந்த உப்பால் முதலில் கெடுவது புலாக்கா. சேம்பு இனத்தைச் சேர்ந்த, ஆளுயரத்துக்கும் மேல் வளரும் கிழங்குச் செடி இது. தீவின் மண்ணுக்கடியில், கனமான உப்புநீரின்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்த நன்னீர் எட்டும்வரை குழி வெட்டி, இலைதழைகளை உரமாக இட்டுப் புலாக்காவை வளர்ப்பார்கள். உரமிடும் பக்குவம் குடும்ப இரகசியம். உப்பு ஏறிய குழிகளில் கிழங்கு அழுகிவிடுவதால், இறக்குமதி அரிசியும் மாவும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆறுகளே இல்லாத நாட்டில் குடிப்பதற்குப் பெரும்பாலும் கூரையில் பிடித்த மழைநீர்தான். 2011இல் மழை பொய்த்தபோது நெருக்கடிநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

செய்தித்தாள்கள் விரும்பும் 'மூழ்கும் நாடு' என்ற பட்டம் பாதி உண்மைதான். 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அலைகள் கொண்டுவந்து குவித்த மணலாலும் பவளத்துகளாலும் துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருந்தது. சுமார் நான்கில் ஒரு பங்கு திட்டுகள் மட்டுமே சுருங்கியிருந்தன. ஆனால் நிலம் இருப்பது வேறு, அதில் கிழங்கு விளைவது வேறு.

நிலப்பரப்பை இழந்தாலும் துவாலு என்றும் ஓர் அரசாகவே நீடிக்கும் என்று 2023இல் அரசியலமைப்பைத் திருத்தி எழுதினார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுடன் ஃபலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். அவர்களைத் தேர்ந்தெடுக்க 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்தனர்.