தலைக்கு மேல் பேசப்பட்ட பாஷை

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வை நம் வட்டத்தில் பெரும்பாலோர் ஹில்டா ராஸ்னரின் 1951ம் வருஷத்து ஆங்கிலத்தில் படித்தவர்கள். சிலர் திருலோக சீதாராமின் தமிழில். 1972ல் அது சசி கபூர் நடித்த சினிமாவாகவும் வந்துபோயிற்று. படித்தவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுவந்திருக்கிறார்கள்: இதில் இருக்கும் இந்தியா நிஜமா? உபநிஷதம் எவ்வளவு, பௌத்தம் எவ்வளவு, ஷோப்பன்ஹவர் எவ்வளவு என்று தராசில் நிறுத்திப் பார்ப்பது நம் விமர்சகர்களுக்குப் பிடித்தமான காரியம். எனக்கு இந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. ஹெஸ்ஸேயின் இந்தியா புத்தகங்களிலிருந்து வருவதற்கு முன்னால் ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் குழந்தைகளுக்கு எந்த பாஷை கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படாமலே காதில் விழுந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சில விஷயங்கள் துலங்கும் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட். 1814ல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து, ட்யூபிங்கனில் படித்துப் பட்டம் வாங்கியவர். மலையாளிகள் இவரை அகராதிக்காரராக அறிவார்கள். ஆனால் 1836ல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவர் அகராதிக்காரரும் இல்லை, பெரிய மிஷனரியும் இல்லை, வீட்டு வாத்தியார். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் - பல் வைத்தியராக இருந்து, எந்த ஸ்தாபனத்தையும் சாராமல் சொந்தப் பொறுப்பில் மிஷனரியானவர் - தன் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவரை அழைத்து வந்தார். குண்டர்ட் திருநெல்வேலிக்குப் போய்த் தமிழ் கற்றார். பிறகு சித்தூருக்கு வந்தார். அந்தச் சித்தூர் அப்போது வட ஆற்காட்டுக்குத் தலைநகர். எங்கள் ஆரணி ஜாகீருக்கும் கலெக்டர் கச்சேரி அங்கேதான். 1838ல் குரோவ்ஸ் குழுவிலேயே இருந்த ஜூலி டுபுவா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பாஸல் மிஷனில் சேர்ந்து மங்களூருக்கும், அடுத்த வருஷம் தலசேரிக்கும் போய்விட்டார்.

ஜூலி ஸ்விட்ஸர்லாந்தின் பிரெஞ்சு பேசும் பகுதியைச் சேர்ந்தவள். ஆக தலசேரியில் இல்லிக்குன்னு பங்களாவில் குடித்தனம் ஆரம்பமானபோது தகப்பனின் பாஷை ஜெர்மன், தாயின் பாஷை பிரெஞ்சு, ஜில்லா துரைமார்களோடு பழக இங்கிலீஷ், சமையற்கட்டிலும் தாழ்வாரத்திலும் ஜூலி நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளியிலும் மலையாளம். இந்த வீட்டில் 1842ல் மேரி பிறந்தாள். ஹெஸ்ஸேயின் தாய் இவள்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஜெர்மனை எப்படி வரவழைப்பது? தகப்பன் ஒருவன் பேசினால் போதுமா? தகப்பனோ குதிரை மேலும் வள்ளத்திலும் ஊர் சுற்றுகிறவன்; வீட்டில் இருக்கிற நேரத்திலும் ஓலைச்சுவடியோடும் முன்ஷியோடும் உட்கார்ந்திருப்பவன். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது ஆயா. சோறு ஊட்டுவதும், பூச்சாண்டி காட்டுவதும், தூங்கப் பண்ணுவதும் அவள். மிஷனரிக் குழந்தைகள் உள்ளூர் பாஷையைத் தங்கள் அப்பா அம்மாவைவிட நன்றாகப் பேசினார்கள் என்பது அக்காலத்தில் எல்லா மிஷன்களிலும் கேட்ட புலம்பல். இதில் ஒரு குரூரமான வேடிக்கை இருக்கிறது. சுவிசேஷத்தை மக்களின் பாஷையில் சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக உருப்போட்டவர்கள், அந்த பாஷை தங்கள் சொந்தக் குழந்தையின் வாயில் தானாக வந்து உட்கார்ந்ததும் பயந்துபோனார்கள். பாஷையோடு கூட வேலைக்காரர்களின் பழக்கமும் கதைகளும் சாமிகளும் வந்துவிடும் என்ற பயம். சீதோஷ்ணம், படிப்பு என்பதெல்லாம் மற்ற காரணங்கள்.

பாஸல் மிஷன் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தது. 1853ல் இன்ஸ்பெக்டர் யோசென்ஹான்ஸின் நிர்வாகத்தில் இது விதியாகவே ஆயிற்று: பள்ளிக்கூட வயது வந்ததும் குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட வேண்டும். பாஸலில் அவர்களுக்கென்று ஒரு குழந்தைகள் இல்லமும் ஏற்பட்டது. ஆறு, ஏழு வயதில் கப்பலேறிய குழந்தை அப்பா அம்மாவைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பார்க்காமல் இருக்கும். சில குழந்தைகள் பார்க்கவே இல்லை. நடுவில் கடிதம் உண்டு - மாசக்கணக்கில் பிரயாணம் செய்து வருகிற கடிதம். அந்தக் கடிதத்தை எழுதவும் படிக்கவும் குழந்தைக்கு ஜெர்மன் வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். வீட்டு பாஷையைக் கற்க வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. கற்ற பிறகு அந்த பாஷையில் செய்வதற்கு இருந்த முதல் வேலை, வீட்டில் இல்லாத தாய்க்குக் கடிதம் எழுதுவது.

மேரிக்கு இது விதி வருவதற்கு முன்னாலேயே நேர்ந்தது. 1840களின் நடுவில் குடும்பம் லீவில் ஐரோப்பா போயிற்று. அப்பா அம்மா திரும்பி வந்தார்கள், மேரி அங்கேயே விடப்பட்டாள். கோர்ன்டாலில் பக்திமான்கள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தாள். அவள் மறுபடி இந்தியக் கரையைப் பார்த்தது 1857ல், பதினைந்து வயதில். ஜெர்மன் வந்துவிட்டது. விலை பத்து வருஷத்துக்கு மேல்.

தலசேரிக்கு நூற்று முப்பது வருஷம் முந்தி, தரங்கம்பாடியில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி நடந்தது. 1706ல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்க எடுத்த வழி, ஒரு கிழ வாத்தியாரை அவருடைய திண்ணைப் பள்ளியோடு தன் வீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டதுதான். பொடிப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். இருபத்துநாலு வயசு ஜெர்மானியர் தமிழ்க் குழந்தையாக ஆனார். அதனால் பாஷை வந்தது. தன்னைச் சுற்றிக் குழந்தைகள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சரித்திரக்காரர்கள் இதைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகவே தெரிகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் ஆரணி அப்படி நினைக்க விடாது. எங்கள் கிளைக்கு வருகிற ஒருவரின் மனைவி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போயிருக்கிறாள். நாலு வயசுப் பெண் இவரோடு இருக்கிறது. "வீட்ல இனிமே ஜெர்மன்தான் சார், அங்க போய் குழந்தை முழிக்கக் கூடாது பாருங்க" என்றார். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் அங்கே எந்த மொழிச் சான்றும் கேட்பதில்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் செல்போனைப் பார்த்துத் தானே கற்று, ராத்திரி சாப்பாட்டு வேளையில் பாடம். கரண்டி ஆண்பால்: டெர் லோஃபல். முள்கரண்டி பெண்பால்: டி காபல். கத்தி இரண்டும் இல்லை: டாஸ் மெஸ்ஸர். முள்கரண்டியே இல்லாத வீடு. கரண்டி ஏன் ஆம்பளை என்று குழந்தை கேட்டதாம், இவருக்குப் பதில் தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தில் இரண்டு பாஷைகளும் கைகோத்துக்கொள்கின்றன: ஜெர்மனில் குழந்தை அலிப்பால், தமிழிலும் குழந்தை அழுகிறதுதான். இதைச் சொன்னபோது அவருக்கு ஏனோ பெரிய சந்தோஷம்.

அவர் சௌராஷ்டிரர். ஆரணிப் பட்டுத் தறிகளில் உட்கார்ந்த பல சமூகங்களில் அதுவும் ஒன்று. அவருடைய வீட்டில் நூற்றாண்டுகளாக ஒரு பாஷை ஒருவரும் கற்பிக்காமலேயே பிழைத்து வந்திருக்கிறது. அதற்குத் தனி எழுத்து உண்டு. மதுரையில் டி. எம். ராமராய் என்பவர் அந்த எழுத்தைச் சீர்செய்து பாடப்புத்தகங்கள் அச்சிட்டார். புத்தகத்தால் பாஷை பிழைத்தது என்று நான் நினைக்கவில்லை. பாஷை பிழைத்தது தறி வீட்டில். கோர்வைக் கரை வைத்து நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எடுத்துப் போட இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பையன். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய பையன்தான். அதைப் பொற்காலமாக்க எனக்கு உத்தேசம் இல்லை. ஆனால் குழியில் கால் வைத்தபடி தகப்பன் ஒரு சொல் சொல்ல, எதிர்ப்பக்கத்திலிருந்து நாடா வருகிறது. இழை அறுந்தால் ஒரு சத்தம், பாட்டி உள்ளேயிருந்து ஒரு அதட்டல், அம்மா பாவைச் சரிபார்த்துக்கொண்டே ஒரு வசவு. சொல்லுக்கு வேலை இருந்தது. சொல்ல நாலு வாய் இருந்தது. இப்போது அதே வீட்டில் குழந்தை ஒரு வாயிலிருந்து மட்டும் ஜெர்மன் கேட்கிறது. அந்த வாயும் பாடம் முடிந்ததும் பாட்டியிடம் சௌராஷ்டிரத்துக்கும் தெருவில் தமிழுக்கும் திரும்பிவிடுகிறது. எது பாசாங்கு, எது நிஜம் என்று நாலு வயசுக்கு நன்றாகவே தெரியும்.

1983க்குப் பிறகு ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் இதே நாடகம் தலைகீழாக நடந்தது. ஜெர்மனைக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பாலர் பள்ளியும் தெருவும் தொலைக்காட்சியும் அதைக் கொட்டிவிட்டன. பத்து வயசுப் பையன் அரசாங்க அலுவலகத்தில் அப்பாவுக்குத் துபாஷியாக நின்றான். கற்பிக்கவேண்டிய பாஷையாகிவிட்டது தமிழ். வார இறுதியில் வகுப்பு, பரீட்சை, சான்றிதழ். எங்கள் வாடிக்கையாளரின் குழந்தைக்கும் அங்கே போன ஆறாம் மாசம் ஜெர்மன் தானே வந்துவிடும். அப்போது பாட்டியோடு பேசச் சௌராஷ்டிரம் இருக்குமா என்பதுதான் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் அவரிடம் சொன்னேன். "அது வீட்டு பாஷைதானே சார், எங்க போயிடும்" என்றார்.

எங்கே போகிறது என்பதற்கு மேரி ஒரு விசித்திரமான சாட்சி. அவள் முதலில் ஒரு மிஷனரியை மணந்து மறுபடி இந்தியாவுக்கு வந்து, 1870ல் விதவையானாள். பிறகு கால்வ் என்ற சிற்றூரில் தகப்பனின் பதிப்பக வேலைகளில் உதவியாக இருந்தாள். குண்டர்ட் 1859லேயே உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டிருந்தார். மலையாள அகராதி 1872ல் மங்களூரில் அச்சாகி வெளிவந்தபோது அவர் ஜெர்மனியின் மரங்களுக்கு நடுவே இருந்தார். 1874ல் மேரி யோஹன்னஸ் ஹெஸ்ஸேயை மறுமணம் செய்தாள். அவரும் மலபார்ப் பக்கம் இருந்து திரும்பியவர். 1877ல் ஹெர்மன் பிறந்தான்.

தன் பால்யம் பற்றிப் பின்னால் எழுதும்போது ஹெஸ்ஸே, அம்மா மலையாளமும் கன்னடமும் பேசினாள், பாடினாள், கிழத் தாத்தாவோடு அந்த பாஷைகளில் வார்த்தை பரிமாறிக்கொண்டாள் என்று நினைவுகூர்கிறார். அந்த பாஷைகள் அவருக்கு மந்திரம்போல ஒலித்தன. இந்த இடத்தில்தான் நம் தராசு உதவாமல் போகிறது. குழந்தையிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்று ஒரு ஸ்தாபனம் விதி போட்ட பாஷை, ஜெர்மன் தேசத்தின் நடுவில் ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் அந்தரங்க பாஷையாகிவிட்டது. பேரனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவன் தலைக்கு மேல் அது போய்வந்துகொண்டிருந்தது. அர்த்தம் புரிந்திருந்தால் அதில் பால் கணக்கும் பழைய வேலைக்காரன் பேச்சும் மழையும் இருந்திருக்கும். புரியாததால் ஞானம் இருந்தது. 'சித்தார்த்தா'வில் ஆறு பேசுகிறது, படகோட்டி கேட்கிறான், என்ன பேசுகிறது என்பது கடைசியில் ஓங்காரமாகக் கரைந்துவிடுகிறது. அந்த நாவலில் ஒருவரும் விலை பேசுவதுபோல் இல்லை, யாருக்கும் தாய்மொழி என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. அது இந்தியாவைத் தெரியாததால் வந்த குறை அல்ல. இந்தியாவை அர்த்தமில்லாத ஓசையாக, மிக அருகில், தாயின் குரலில் கேட்டதால் வந்தது.

1911ல் ஹெஸ்ஸே கிழக்கே கப்பலேறினார். பினாங்கு, சிங்கப்பூர், சுமத்ரா எல்லாம் சுற்றிவிட்டு இலங்கையில் கண்டி வரை வந்தார். மலபாருக்கும் போவதாகத்தான் இருந்தது. கொழும்பிலிருந்து தலசேரி பெரிய தூரமில்லை. உடம்பு சரியில்லாமல், அலுப்போடு, அங்கிருந்தே ஊர் திரும்பிவிட்டார்.