பெட்ரோல் பம்பின் குரல்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், டேங்கில் கிடக்கும் பெட்ரோலை எஞ்சினுக்குக் கொண்டு சேர்க்கும் சிறிய பம்பைப் பற்றி இரண்டொரு வரிகளுக்குமேல் எழுதியதில்லை. ஆயினும், பழைய வண்டியொன்றை மாற்றிக் கட்டி அதன் அடிப்புறத்தில் மின்சாரப் பம்பு பூட்டியவர்கள், சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்கு முன்பாகக் கேட்பது அந்தப் பம்பின் குரலைத்தான். அதை அடக்குவதற்கு வழி தேடுவோர், அக்குரல் பிறந்த கதையையும் அறிந்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஆதியில் பம்பே கிடையாது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியில் டேங்க் முன் ஆசனத்தின் அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு வடிந்தது. டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் டேங்குக்கு மேலே போய்விட, வடிதல் நின்றுவிடும். ஆகையால் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேறிய ஓட்டுநர்கள் உண்டு. பிறகு எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டே பெட்ரோலை இழுக்கும் ‘ஆட்டோவாக்’ என்ற கருவி வந்தது. நீண்ட ஏற்றத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் அந்த விசை குன்றிப்போக, அதுவும் கைவிட்டது.

இந்தச் சங்கடத்துக்கு இங்கிலாந்தில் பரிகாரம் கண்டவர்களுள் எஸ்.யு. கம்பெனியார் முக்கியமானவர்கள். ஸ்கின்னர் சகோதரர்கள் 1905-இல் உருவாக்கிய கார்புரேட்டரால் கீர்த்தி பெற்று, 1926-இல் மோட்டார் உற்பத்தியாளர் வில்லியம் மாரிஸின் வசமான அந்த ஸ்தாபனம், 1920-களின் இறுதியில் ‘பெட்ரோலிஃப்ட்’ என்ற மின்சாரக் கருவியையும், அதனைத் தொடர்ந்து டயஃப்ரம் பம்பையும் செய்தது. அந்தப் பம்பைத் திறந்து பார்த்திருப்பவர்கள் அதன் எளிமையை மறக்க மாட்டார்கள். செப்புக் கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் பாய்ந்ததும் காந்தசக்தி ஓர் இரும்பு வில்லையை இழுக்கிறது. அந்த வில்லை எப்பக்கமும் உரசாமல் நடுவில் நிற்கும்படி அதனைச் சுற்றிப் பித்தளை உருளைகள் பதினொன்று அமர்ந்திருக்கின்றன. வில்லையோடு பிணைந்த டயஃப்ரம் பின்வாங்கும்போது பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடியும் தறுவாயில் பாயிண்ட் பிரிந்து மின்சாரம் அற்றுப்போக, சுருள்வில் டயஃப்ரத்தைத் தள்ளிப் பெட்ரோலை எஞ்சினை நோக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று ஒரு சப்தம்.

மாரிஸ் மைனரிலும் எம்.ஜி.பி.யிலும் ஓட்டுநர்கள் இந்த ‘டிக் டிக்’கை ஒரு பாஷையாகவே அறிந்திருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் விரைந்து ஒலித்து, கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கினால் க்ஷேமம்; அடங்காமல் படபடத்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது; ஒலியே இல்லையென்றால் பாயிண்ட் கரிந்திருக்கும், இறங்கிப் போய் ஸ்பானரால் பம்பை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தச் சப்தத்தைக் குறையென்று சொல்வோரைவிட, அது நின்றால் பதறியவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

குரல் மாறியது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தபோதுதான். போஷ் நிறுவனத்தார் 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டிக்கு டி-ஜெட்ரானிக் அமைப்பைத் தந்தார்கள். 1973-இல் கே-ஜெட்ரானிக் தொடர்ந்தது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு அழுத்தமே போதுமாயிருக்க, கே-ஜெட்ரானிக்குக்கு ஏறத்தாழ 70 பவுண்டு வேண்டியிருந்தது. அதைத் தருவதற்கு, மையம் விலகிச் சுழலும் தட்டின் பள்ளங்களில் உருளைகள் ஓட, அவை பெட்ரோலைச் சிறுசிறு பொட்டலமாக அள்ளி நெருக்கித் தள்ளும் பம்பு அமைந்தது. அந்த வேகத்தில் ‘டிக்’ இல்லை. இடையறாத ரீங்காரம் உண்டு.

ரீங்காரம் ஓலமாவதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பின் தாகம். இவ்வகைப் பம்பு தள்ளுவதில் சூரன், உறிஞ்சுவதில் பலவீனன். குறுகிய குழாய் வழியே வலிந்து இழுத்தால் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிடுகிறது. குமிழிகள் அழுத்தத்தில் உடையும்போது பம்பு அலறுகிறது. வோல்வோ 240-இல் டேங்குக்குள் ஒரு சிறு பம்பு இருந்து, வெளியே உள்ள பெரிய பம்புக்குப் பெட்ரோலை ஊட்டியது. உள்ளேயிருந்தது பழுதானால் வெளியேயிருந்தது ஊளையிட்டே தகவல் தெரிவித்தது. கார்புரேட்டர் காலத்து டேங்கின் மெல்லிய வாயிலோடு இன்ஜெக்‌ஷன் பம்பை இணைத்துக்கொள்பவர் அந்த ஊளையைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். ஆதலால் முதற்காரியம், பம்பை டேங்கின் மட்டத்துக்குக் கீழே, அதன் அருகிலேயே வைத்து, அகன்ற ஹோஸும் தாராளமான ஃபில்டரும் கொடுப்பது.

அதற்குப் பின்தான் ரப்பருக்கு வேலை. வீணையின் தந்தி தனியே ஒலித்தால் நாலடி தூரம் எட்டாது. குடம் அதை வாங்கிப் பெருக்குகிறது. பம்பைச் சேசிஸில் நேரே போல்ட் போட்டு முறுக்கினால் வண்டியின் தகரத் தளம் முழுவதும் குடமாகிவிடுகிறது. ரப்பர் புஷ்ஷில் பம்பைத் தொங்கவிட்டு, இரும்புக் குழாய்க்கு நடுவே ஒரு சாண் ஹோஸ் சேர்த்து, கிளிப்புகளுக்கும் ரப்பர் உறை போட வேண்டும்; ஒரே ஒரு கிளிப் தகரத்தை நேரே தொட்டாலும் அத்தனை பிரயாசையும் வீண். பம்பின் உடலே எர்த்தாக இருக்கும் வகையானால், ரப்பரில் தொங்கவிட்டதும் அந்த வழி அறுந்துபோகும். தனியே எர்த் ஒயர் கொடுக்க மறக்கலாகாது.

பிற்காலத்தில் வண்டி செய்வோர் பம்பை டேங்குக்குள்ளேயே அமிழ்த்திவிட்டார்கள். பெட்ரோலே அதற்கு உணவும் குளிர்ச்சியும் சப்தத்துக்குத் திரையுமாயிற்று. எஸ்.யு. பம்போ இன்றும் பழைய வண்டிகளுக்காகத் தயாராகிறது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் சாதனம் பொருத்தியும் கிடைக்கிறது. தீப்பொறியும் கரிதலும் தொலைந்தன. டயஃப்ரம் மட்டும் முன்போலவே அசைகிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று விரைந்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்குகிறது.