கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழரும் திரையரங்கும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அவர்தம் கோயில்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் ஆராய்வது வழக்கம். அம்மக்கள் ஓய்வு நாளில் எங்கே போனார்கள், எதில் ஏறிப் போனார்கள், யாரைக் கேட்டுப் போனார்கள் என்னும் வினாக்கள் ஆய்வாளரின் கண்ணில் அத்துணை எளிதில் படுவதில்லை. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது திரையரங்கின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும். படம் பார்க்கப் போவது என்பது அவர்களுள் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் தனி ஒருவரின் விருப்பமாக இருந்ததில்லை. அது ஒரு லயத்தின், சில வேளைகளில் ஒரு தோட்டம் முழுவதன், கூட்டு முடிவாக இருந்தது. அம்முடிவை எடுக்கும் முறை மாறிய கதையில் அவர்கள் இடம்பெயர்ந்த கதையும் அடங்கியுள்ளது.

கோலாலம்பூரில் பத்து ரோடு என வழங்கிய சாலையில், 1920-ஆம் ஆண்டையொட்டிக் கொலிசியம் திரையரங்கு எழுந்தது. அச்சாலை இன்று துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. அக்காலத்துப் படங்கள் பேசாப் படங்கள். தமிழ் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியானது 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில்தான். அதன் பின்னர்த் தமிழகத்துப் படச்சுருள்கள் கப்பலேறி மலாயாவுக்கு வரத் தொடங்கின. ஷா சகோதரர், கேத்தே ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் நாடெங்கும் அரங்குகளை நடத்தின. பாகவதரின் பாட்டைக் கேட்க ஊர்க்கடிதத்திற்குக் காத்திருப்பதுபோல் மக்கள் காத்திருந்தனர். கடல் கடந்து வந்தவனுக்கு, விட்டுவந்த ஊரின் பேச்சும் பாட்டும் திரையில் உயிர்பெற்று எழுவதைக் காட்டிலும் பெரிய ஆறுதல் வேறு என்ன இருந்திருக்க முடியும்?

ஆயினும் அரங்கு நகரத்தில் இருந்தது. தமிழரோ தோட்டத்தில் இருந்தனர். இந்த இடைவெளியே நம் கதையின் மையம்.

தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டி, வேனில் வந்த கருவியைக் கொண்டு படம் காட்டும் வழக்கம் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பரவிற்று. 1946-இல் மலாயாப் படப்பிரிவு தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசின் செய்திப் படங்களை ஏற்றிக்கொண்டு நடமாடும் வண்டிகள் தோட்டந்தோறும் சென்றன. கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்டு, அரிசியையும் பிற உணவுப் பொருளையும் விருப்பம்போல் எடுத்துச் செல்ல இயலாதிருந்த அம்மக்களுக்கு, ஒளிபாய்ந்த அத்துணி ஒன்றே வேலிக்கு அப்பாலுள்ள உலகத்தைக் காட்டும் சாளரம். அரசு தன் கருத்தைப் பரப்ப அவற்றை அனுப்பிற்று. மக்கள் தமக்கு வேண்டியதை அவற்றில் பார்த்துக்கொண்டனர். துணியின் முன்புறம் இடம் கிடைக்காத சிறுவர் பின்புறம் அமர்ந்து பார்ப்பர். பின்புறத்தில் நாயகன் இடக்கையால் வாள் வீசுவான் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

நகரத்து அரங்கிற்குப் போவது இதனினும் பெரிய காரியம். அதற்கு நாட்கணக்கில் ஆயத்தம் வேண்டும். எந்தப் படம் எந்த அரங்கில் ஓடுகிறது என்பதைத் தமிழ் நாளிதழின் விளம்பரம் அறிவிக்கும். 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ தோட்டத்தை எட்டினால், எழுத்தறிந்த ஒருவர் படிக்க மற்றவர் கேட்பர். சம்பள நாள் எது எனப் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்து, பால்வெட்டி, பாலை நிறுத்து முடிப்பதற்குள் நண்பகல் ஆகிவிடும் ஆகையால் வேலை நாளில் பயணம் இயலாது. லோரி கிடைக்குமா எனக் கேட்க வேண்டும். தோட்டத்து லோரியானால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். லோரி இல்லையேல் செம்மண் சாலையில் நடந்து பெருஞ்சாலையை அடைந்து பேருந்து ஏற வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையான வினா, திரும்பி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது. மாலைக் காட்சியை விடுத்துப் பகற்காட்சியைப் பெண்டிர் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் இதுவே அன்றி, பகலில் படம் சுவைக்கும் என்பதன்று.

பிரிக்பீல்ட்ஸ் வாழ்தமிழர்க்கோ இவ்வல்லல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலாலம்பூரைச் செங்கல்லால் எழுப்பியபோது சூளைகள் நிறைந்திருந்த இடம் அது. பின்னர் இரயில்வேப் பணியாளரின் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் தமிழகத்துத் தொழிலாளரும் ஒரே சாலையின் இரு மருங்கிலும் வாழ்ந்தனர். 1905-ஆம் ஆண்டையொட்டி எழுந்த நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பிலிருந்து லிடோ திரையரங்கிற்கு இரவு உணவை முடித்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். ஒரே நாட்டில், ஒரே மொழி பேசுவோர்க்கு, ஒரே படத்தைப் பார்ப்பது ஒருவருக்கு உலாவும் மற்றவர்க்குப் படையெடுப்புமாக இருந்தது. வகுப்பு வேற்றுமை என்பதை நூல்களில் தேட வேண்டியதில்லை. படம் விட்ட பின் யார் நடந்து வீடு சேர்ந்தார், யார் லோரியின் பின்தட்டில் நின்றுகொண்டு போனார் என்று பார்த்தாலே போதும்.

அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969-ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தை அடுத்து ஊரடங்கு வந்தது. குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதியால் பல்லாயிரவர் வேலையிழந்து, தாங்கள் மறந்துவிட்ட தாயகத்திற்குக் கப்பலேறினர். எஞ்சியோர் ஆண்டுகள் செல்லச் செல்ல நகரத்தின் ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளை நாடினர். எண்பதுகளில் வீடியோ நாடா வந்து படத்தை வீட்டுக்கே கொணர்ந்தது. ஒரு தெருவுக்கு ஒரு கருவி இருந்தாலும் தெருவே அங்குக் கூடிற்று. 1996-இல் தொடங்கிய அஸ்ட்ரோ, தமிழ்ப் படத்தை இரவு பகலாக ஒளிபரப்பிற்று. தனித்து நின்ற பழைய அரங்குகள் பல ஒவ்வொன்றாய் இருண்டன. லிடோ மறைந்தது. 1936-இல் கட்டப்பெற்ற ஒடியன் அரங்கும் பின்னாளில் இடிக்கப்பட்டது.

இதற்கிடையே பேரங்காடி என்னும் புதுவகைக் கட்டடம் தலைநகரில் தலையெடுத்தது. 1973-இல் அம்பாங் பார்க் வந்தது. பாட்டும் கூத்தும் நிகழ்ந்த புக்கிட் பிந்தாங் கேளிக்கைப் பூங்கா இருந்த நிலத்தில் 1977-இல் சுங்கை வாங் பிளாசா எழுந்தது. தொண்ணூறுகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல திரைகள் கொண்ட அரங்குகள் பேரங்காடிகளின் மேல்மாடிகளில் குடியேறின. 1999-இல் திறக்கப்பட்ட மிட்வேலி பேரங்காடி பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தொலைவில்தான் உள்ளது. 2014-இல் பிரிக்பீல்ட்ஸின் நடுவிலேயே, சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, நியூ சென்ட்ரல் பேரங்காடி திறக்கப்பட்டு அதற்குள்ளும் அரங்கு வந்தது.

இவற்றுள் ஒன்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில், 1995-இல் திறக்கப்பட்ட ஒன் உத்தாமா பேரங்காடி உள்ளது. அவ்வட்டாரம் முன்னர் எஃபிங்காம் தோட்டம். தோட்டம் போயிற்று; லயங்கள் போயின; தோட்டத்தின் பெயரோ அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்றும் நிற்கிறது. ஊரார் நினைவில் மட்டும் தங்கியிருக்க வேண்டிய ஒரு பெயரை ஒரு தொடக்கப்பள்ளி சுமந்துகொண்டிருக்கிறது. முன்பு அங்கிருந்து படம் பார்க்க வெளியூர் செல்ல வேண்டியிருந்தது; இன்று அதே நிலத்தில் ஒன்றுக்கு இரண்டு நிறுவனங்களின் அரங்குகள் உள்ளன. தொலைவு இல்லாமற் போயிற்று. அத்தொலைவைக் கடக்க ஒன்றுகூடியோரும் இல்லாமற் போயினர்.

பேரங்காடி அரங்கில் தமிழ்ப் படம் பல திரைகளுள் ஒன்றையோ இரண்டையோ பெறும். எவ்வளவு நாள் ஓடும் என்பதை முதல் சில நாட்களின் கூட்டம் முடிவு செய்துவிடும். ஆகவே நல்ல படம் என்று செவிவழிச் செய்தி பரவி, பார்க்கலாம் என மனம் ஒப்புவதற்குள் படம் போய்விடுதலும் உண்டு. பழைய அரங்கில் அவ்வாறன்று. கொலிசியமும் கிள்ளானின் செரி இந்தானும் தமிழ்ப் படத்தின் வீடுகள் எனப் பெயர் பெற்றவை. விருந்தாளியாய் அன்றி, வீட்டுக்காரனாய்த் தமிழ்ப் படம் அங்கு வாழ்ந்தது. 2006-இல் கொலிசியத்தை அரசு கையகப்படுத்தி மரபுடைமை மையமாக்கும் எண்ணம் வெளியானபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இயங்கிக்கொண்டிருக்கும் அரங்கே ஒரு மரபுடைமைதான் என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப் படம் வெளியாயிற்று. தோட்டத்தை இழந்து புறம்போக்கில் வாழ நேர்ந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை அது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கலாமா என்பது பெரும் விவாதமாயிற்று. முடிவில் ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை வென்றது. அதே 2016-இல் ரஜினிகாந்தின் ‘கபாலி’ இந்நாட்டுத் தமிழரைப் பற்றிய கதையோடு பெருங்கூட்டத்தை ஈர்த்ததும், அதற்கு மலாய்க் குரல் கொடுக்கப்பட்டதும் வேறு கதை. தோட்டம் அழிந்த வரலாற்றை, தோட்டம் அழிந்த நிலத்தில் எழுந்த அரங்குகளில் அமர்ந்து, குளிரில் போர்வை போர்த்திப் பார்க்கும் நிலை தமிழர்க்கு வாய்த்தது என்பதை மட்டும் இங்குக் குறிக்கலாம்.

இன்று ஆயத்தம் யாவும் கைப்பேசியில் முடிகிறது. படத்தின் மொழி, நேரம், வயது வரம்பு, இருக்கையின் வரிசை எல்லாம் விரல்நுனியில் வந்து நிற்கின்றன. யாரிடமும் லோரி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கார் இல்லாதார்க்குப் பழைய வினா அப்படியே உள்ளது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த இருப்புப்பாதை 1886-இல் போடப்பட்டது. அப்பாதையில் அப்துல்லா ஹுக்கும் நிலையம் 2018-இல் திறக்கப்பட்டது. அங்கு இறங்கினால் நடைபாலத்தின் வழியே மிட்வேலியை அடையலாம். கிள்ளானிலிருந்து வருவோர்க்கு இது பெரும் வசதி. எனினும் தமிழ்ப் படங்களுள் பல இரண்டரை மணி நேரத்தையும் கடப்பவை. இரவுக் காட்சி நள்ளிரவைத் தாண்டி முடியும். இரயிலோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். எனவே அங்காடியில் நாள் முழுதும் நின்று பணிபுரியும் இளம்பெண், தன் ஒரு நாள் விடுமுறையில், பாட்டியைப் போலவே பகற்காட்சிக்குச் சீட்டெடுக்கிறாள்.