நீல மேற்சட்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும்

பிரெஞ்சுத் தொழிலாளரின் நீல மேற்சட்டை இன்று உலகெங்கும் நடையுடையாகிவிட்டது. சாதாரணக் கால்சட்டையோடு கடைவீதிக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை ஆகியவற்றோடு கலைக்கூடத் திறப்பு விழாவுக்கும் அதை அணியலாம் என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. அதை முதலில் அணிந்தவர்களோ, பிந்தைய இடத்திற்கு அதை அணிந்து செல்வதைத் தவிர்க்கவே முயன்றார்கள்.

அதன் வடிவம் ஆலையில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழிலாளரின் அடையாளம் தொளதொளத்த 'ப்ளூஸ்' அங்கி. 1848 புரட்சியின் சித்திரங்களில் அதைக் காணலாம். சுழலும் இயந்திரங்களின் அருகே தொங்கும் துணி ஆபத்தானது. எனவே இடுப்பளவில் நிற்கும் குட்டையான மேற்சட்டை பரவியது. டிரில் அல்லது மோல்ஸ்கின் எனும் நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி, மேலே வைத்துத் தைத்த மூன்று பைகள், உள்துணியோ தோள்பஞ்சோ இல்லாத நேரான வெட்டு: இவை யாவும் மலிவுக்காகவும், துவைப்பதற்கும் கருவிகளை வைப்பதற்கும் ஏற்பட்டவை. இந்த எளிய வெட்டே அதைச் சட்டைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட உடையாக்கியது. இரு பக்கமும் பொருந்துவதன் காரணம் அதுதான்.

நிறமும் தொழிலைச் சொன்னது. தச்சருக்குக் கறுப்பு, வண்ணம் பூசுபவருக்கு வெள்ளை, ஆலைத் தொழிலாளருக்கும் இயந்திரப் பணியாளருக்கும் நீலம். செயற்கைச் சாயங்கள் நீலத்தை மேலும் மலிவாக்கின. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக விலை சரிந்தபோது, பீகாரின் தோட்ட முதலாளிகள் தங்கள் நட்டத்தைக் குத்தகை உயர்வாகக் குடியானவர்மீது ஏற்றினர். 1917 சம்பாரண் போராட்டத்தின் பின்னணியில் இதுவும் உண்டு. ஐரோப்பிய ஆலையின் மலிவான நீலத்தையும் பீகார் வயலின் சுமையையும் தனித்தனியே எழுதிவிட முடியாது.

ஆலைத் தொழிலாளரிடம் இரண்டு உடைகள் இருந்தன. நீல உடை வேலைக்கு, கோட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு. 1936 மக்கள் முன்னணிக் காலத்து ஊர்வலப் புகைப்படங்களில் பலர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்திருக்கிறார்கள். தெருவில் குடிமகனாக நிற்பதற்கு அவர்கள் தேர்ந்தது அந்த உடையை.

நீல உடையை விரும்பி அணிந்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் 'தொழிலாளப் பாதிரிமார்' தங்கள் அங்கியைக் களைந்து ஆலைக்குள் புகுந்தனர். 1954இல் வத்திக்கான் அவர்களைத் தடுத்தது. 1968ஐ ஒட்டி மாவோவிய மாணவர்களும் ஆசிரியர்களும் ஆலை வேலைக்குச் சென்றனர். ரொபேர் லின்ஹார்ட் தம் சித்ரோயன் ஆலை அனுபவத்தை 1978இல் நூலாக்கினார். இவர்களின் உறுதியை ஐயுறக் காரணமில்லை. ஆயினும் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வேறோர் உலகம் இருந்தது.

நியூயார்க் டைம்ஸ் புகைப்படக் கலைஞர் பில் கனிங்காம் சற்று வேறுபட்டவர். மலிவு, உழைப்புத் தாங்கும் துணி, படச்சுருளுக்கான பைகள் ஆகியவற்றுக்காகவே பாரிசில் விற்கும் நீல மேற்சட்டையை அவர் நாள்தோறும் அணிந்தார். 2008இல் பிரெஞ்சு அரசின் கலை, இலக்கிய விருதைப் பெற்ற விழாவுக்கும் அதே உடையில் சென்றார். விழாவிலும் அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அது வேலை உடையாகவே இருந்தது.

இன்று வெளுத்து, ஒட்டுப்போட்ட பழைய மேற்சட்டைகள் புதியவற்றைவிட விரும்பி வாங்கப்படுகின்றன. அந்த ஒட்டுகளைத் தைத்தவர்களுக்கு அவை வறுமையின் தடயங்கள். ஆகவே உடையின் வரலாறு, யார் எதை அணிந்தார்கள் என்ற பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. அதை எப்போது களைய முடிந்தது, யாரால் களைய முடியவில்லை என்பதையும் அது கேட்க வேண்டும்.