டிங்கர் பாஸும் கினிகத்தேனை மழையும்

அவிசாவளையிலிருந்து கித்துள்கலை வழியாக ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறும் ஏ-7 வீதியில் பயணம் செய்தவர்களுக்குக் கினிகத்தேனையின் வளைவுகளைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. பத்திரிகைப் பணிக்காகப் பல்லாண்டுகள் ஏறி இறங்கிய பாதைதான். இருந்தும், 2023 ஜூலையில், எதிரே வந்த பேருந்துக்கு இடம்விட ஒதுங்கியபோது மண்மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்லில் கார்க் கதவு இடித்து, உள்ளங்கையளவு நெளிவு விழுந்தது.

நகரின் ஓரத்தில் தகரக்கூரையிட்ட ஒரு டிங்கரிங் கடை இருந்தது. முதியவரான பாஸ், கதவை ஈரத்துணியால் துடைத்து, கண்ணை மூடியபடி கையால் தடவிப் பார்த்தார்.

"பில்லர் பூசினா இன்னைக்கே கொண்டுபோகலாம் ஐயா. இந்த மழைக்கு ரெண்டு வருசம் நிக்காது. தட்டி எடுத்தா ரெண்டு நாளாகும்."

தட்டியே எடுங்கள் பாஸ் என்றேன்.

கதவின் உட்பலகையைக் கழற்றி, டொலி எனப்படும் கனத்த இரும்புக்கட்டியை உள்ளே தாங்கிப் பிடித்து, வெளியே சிறு சுத்தியலால் தட்டினார். நெளிவின் நடுவில் தட்டவில்லை. விளிம்பிலிருந்து சுற்றிச்சுற்றி உள்நோக்கி வந்தார். இன்றைய கார்களின் தகடு ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். அவசரப்பட்டு நடுவில் அடித்தால் தகடு நீண்டு புடைத்துவிடும். அப்படி நீண்ட இடத்தைச் சுடரால் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியை ஒற்றிச் சுருங்கவைக்க வேண்டும். பில்லர் அத்தனை வேலை கேட்பதில்லை, பள்ளத்தை மூடிவிடும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். மேலே வர்ணம் சிறிது வெடித்தாலும் நீர் உள்ளே சென்று தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். இலங்கையின் மிக ஈரமான இடங்களில் ஒன்றான வட்டவளை இதே வீதியில் சற்று மேலே இருக்கிறது என்பதை நினைத்தால், பாஸ் சொன்ன இரண்டு வருடக் கணக்கு விளங்கும்.

'டிங்கர் பாஸ்' என்ற சொல்லே ஒரு சிறு வரலாறு. டிங்கர் என்பவர் இங்கிலாந்தில் ஊரூராகச் சென்று சட்டி பானை அடைத்தவர். பாஸ், 1658 முதல் 1796 வரை நமது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். மேற்பார்ப்பவர், தலைமைத் தொழிலாளி என்று பொருள். இரண்டையும் ஒட்டவைத்தவர் யாரென்று எந்த ஆவணமும் கூறாது.

தொழிலை வளர்த்தது பற்றாக்குறை. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதுவரை வந்துசேர்ந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும்தான் அதன்பின் ஓடவேண்டியிருந்தன. மொறிஸ் மைனர் அதற்கு ஏற்ற வண்டி. மட்கார்ட்டுகளைத் திருகாணி கழற்றித் தனியே எடுத்துத் தட்டலாம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரும் அந்தக் கைகள் ஓயவில்லை. தொண்ணூறுகளில், பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்ற ஆங்கிலேயர், அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்! தயாரித்த நாட்டுக்கே நாம் உதிரிப்பாகம் அனுப்பிய கதை இது.

அந்தக் கார் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது 1948இல். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். தொடர்பில்லாத இரண்டு செய்திகள் என்று நான் நினைத்திருந்தேன். பாஸின் தகப்பனார் தோட்டத் தொழிற்சாலையில் கருமான் வேலை பார்த்தவராம். மகன் படித்தும், பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போடமுடியவில்லை. யாரும் பத்திரம் கேட்காத தொழில் இதுதான் என்று சுத்தியலை எடுத்தாராம். நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவுகட்டிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவர் தலை நரைத்துவிட்டிருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டதும், பழைய கார்களுக்குப் பொன் விலை வந்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. நான் போனது இடைப்பட்ட காலம். கடை வாசலில் ஐந்து கார்கள் நின்றன. பழகுவதற்குப் பையன்கள் இல்லையா என்று கேட்டேன்.

"வர்றாங்க ஐயா. பில்லர் பூசப் பழகினதும் கொழும்புக்குப் போயிடுறாங்க."

தட்டும் வேலை மறுநாளே முடிந்தது. வர்ணம் தெளிக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அவர் வைத்திருந்தது பழைய செலுலோஸ் வர்ணம். ஈரக்காற்றில் தெளித்தால் பால்போல வெளுத்துவிடும். மழை விடட்டும் என்றார். நான் ஹற்றனுக்குப் பஸ்ஸில் போய், நான்காம் நாள் வந்து காரை எடுத்தேன்.